முனீஸ்வரர் மேட்டுப் பாடம்

ஒன்பதாங்கட்டைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் திடீரென்று பக்தி முற்றிப் போனதில் யாரையும்விட அதிகமாகப் பூரித்தவர் கோயில் தலைவர் கார்த்திகேசுதான். ஆண்டுக்கூட்டம் தவறாமல் மைக்கைப் பிடித்து, "இளைய தலைமுறை கோயில் பக்கமே எட்டிப் பாக்கறதில்ல" என்று புலம்பிப் புலம்பித் தொண்டை கட்டியவர் அவர். இப்போது பார்த்தால், பள்ளிக்கூடம் விட்டு வந்து வாயில் எதையோ போட்டுக்கொண்டு, மழை விட்டதும் விடாததுமாகப் பிள்ளைகள் முனீஸ்வரர் மேட்டுக்கு ஓடிவந்துவிடுகின்றன. லோரியிலிருக்கும் செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலையில் கொட்டிவிட்டு, குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு அவர் மேடேறும்போது வாசலில் சின்னச் சின்னச் செருப்புகள் குவிந்து கிடக்கும். அதைப் பார்த்தாலே அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

மனுஷர் சும்மா இருப்பாரா? பக்கத்து டவுனின் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றி எத்தனையோ காலமாகியும் தோட்டத்தார் வாயில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். அந்தப் பெர்ஜுந்தாய் முழுக்க, தேத்தண்ணிக் கடையிலும் டயர் கடையிலும் இரவுச் சந்தையில் மீன் வாங்கும் இடத்திலும் அவர் பேச்சு இது ஒன்றே.

"டவுன்ல இருக்கற புள்ளைங்கள பாருங்க, எந்நேரமும் போனு. எங்க தோட்டத்துல வந்து பாருங்க லா. சாயங்காலமானா சாமிகிட்ட நிக்குதுங்க."

மனைவி தங்கமணி வாயால் பெருமை பேசுகிறவள் இல்லை. அவள் பெருமையெல்லாம் அடுப்பில்தான். தோட்டத்து நாற்றுப் பண்ணையில் பகலெல்லாம் செம்பனைக் கன்றுகளுக்குப் பையில் மண் நிரப்பிவிட்டு வந்த கையோடு கடலையை அவிப்பாள். கடுகும் காய்ந்த மிளகாயும் தாளித்து, மேலே தேங்காய்ப்பூ தூவி, ஒரு வாளிச் சுண்டல் மேட்டுக்குப் போகும். "பசியோட சாமி கும்பிடக் கூடாது, பாவம், வளர்ற புள்ளைங்க" என்பாள்.

அந்த வீட்டில் ஒருத்தி மட்டும் சுண்டல் வாளியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவர்கள் மகள் லோகேஸ்வரி. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் கடைசி ஆண்டு படிப்பவள். பள்ளியில் பாடம் நடத்திப் பழகும் பயிற்றுப்பணிக்கு, அதிர்ஷ்டவசமாக, தான் படித்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியே கிடைத்திருந்தது. நாலாம் ஆண்டு வகுப்பு அவள் பொறுப்பு.

மகள் புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன முதல் நாளே லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் "டீச்சரம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். கார்த்திகேசு ஓடிவந்து தடுத்தார்.

"வேணாம் லா, வேணாம். இன்னும் டீச்சர் ஆகல. பிரக்டிகம்தான் ஓடுது. சோறு வேகறதுக்கு முன்ன எலையப் போடாதீங்க. கண்ணு பட்டுரும்."

அவர் வாயில் அவள் எப்போதும் பாப்பாதான். அப்பாவின் பயம் லோகேஸ்வரிக்குத் தெரியும். அந்த லயத்திலிருந்து இந்தப் படிப்புவரை வந்தவள் அவள் ஒருத்திதான். கைக்கெட்டியது வாய்க்கெட்டாமல் போய்விடுமோ என்று அவர் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. தெரிந்தும், ஒரே ஒரு தடவை அவர் வாயால் 'டீச்சர்' என்ற வார்த்தையைக் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது?

அவள் சுண்டலைக் கண்டு கூசியதற்குக் காரணம் உண்டு. அது பாடத்திலிருந்து தொடங்கியது.

வந்த புதிதில் அவளும் எல்லாரையும்போல இணையத்தில் கிடைத்த ஓர் அகப்பக்கத்தைத்தான் வகுப்பில் திறந்தாள். கேள்விக்கு நாலு பதில். சரியானதைத் தொட்டால் கைதட்டல், பட்டாசு, பலூன். தவறைத் தொட்டால் 'மீண்டும் முயல்க'. பிள்ளைகள் என்ன லேசுப்பட்டவையா? நாலையும் வரிசையாகத் தொட்டன. ஏதாவது ஒன்று கைதட்டித்தானே ஆக வேண்டும்! வகுப்பு முழுக்க நூறு மதிப்பெண். மறுநாள் அதே கேள்வியை வாயால் கேட்டபோது அத்தனையும் பேந்தப் பேந்த விழித்தன. ஷாமளா என்ற குட்டி மட்டும் எழுந்து, "டீச்சர், நாலு பதிலையும் சொல்லுங்க, நான் தொடறேன்" என்றாள்.

லோகேஸ்வரி அன்று சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்தபிறகு சிரிப்பு வரவில்லை. சின்ன வயதில் அப்பாவின் லோரியில் எத்தனையோ தடவை கோலசிலாங்கூர் போயிருக்கிறாள். ஏறியதும் தூங்கிவிடுவாள், வழி ஒரு நாளும் தெரிந்ததில்லை. ஒரு தடவை அப்பா, "இன்னிக்கு நீ வழி சொல்லு பாப்பா, நீ சொல்ற பக்கம்தான் திருப்புவேன்" என்று வேண்டுமென்றே மக்கு மாதிரி உட்கார்ந்துகொண்டார். தப்பான கம்பத்துக்குள், ஏதோ ஒரு மலாய்க் கிராமத்துக்குள் நுழைந்து, திரும்பி, சுற்றி ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்குப் படிந்த வழி இன்றுவரை மறக்கவில்லை. அகப்பக்கம் ஓட்ட, பிள்ளை தூங்கிக்கொண்டு போவதற்கு ஆசிரியர் எதற்கு, கணினி எதற்கு? பிள்ளையல்லவா வழி சொல்ல வேண்டும்?

அதனால் யாரோ சமைத்ததை வாங்கித் தின்பதை நிறுத்திவிட்டு வகுப்புக்கென்று ஓர் அகப்பக்கத்தைப் பிள்ளைகளையே கட்டச் சொன்னாள். ஆளுக்கொரு பக்கம். வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் அவர் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டு, பதிலைப் பதிவு செய்து, அதைத் தன் சொந்தத் தமிழில் எழுதி, தன் குரலில் வாசித்து ஏற்ற வேண்டும். மற்றப் பிள்ளைகள் அதன் கீழே ஆளுக்கொரு கேள்வி போட வேண்டும். 'சூப்பர்', 'நைஸ்' எழுதக் கூடாது. கலும்பாங்கில் பயிற்றுப்பணி செய்யும் தோழி திலகா தன் வகுப்பையும் சேர்த்துக்கொண்டாள். தலைமையாசிரியர் திருச்செல்வம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஊரே எட்டிப் பாக்கற மாதிரி வேணாம்மா. புள்ளைங்க மொகமும் வரக் கூடாது." அதுவும் சரிதான் என்று கடவுச்சொல் போட்டு, இரண்டு வகுப்புக்குள் பூட்டி வைத்தாள்.

எல்லாம் யோசித்தவள் ஒன்றை யோசிக்கவில்லை. பள்ளியின் இணையம் நத்தை. லயத்தைச் சுற்றிச் செம்பனைக் காடு, கைப்பேசியில் லைன் வராது. "கிடைக்கிற எடத்துல ஏத்துங்க" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் தேடின, கண்டுபிடித்தன. பக்கங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. காதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குரலாகக் கேட்டாள். கேட்கக் கேட்க ஒன்று உறுத்தியது. எல்லாக் குரலுக்கும் பின்னால் ஒரு மணிச்சத்தம். ஷாமளாவின் பதிவில் மணியோடு ஓர் இருமலும் இருந்தது. அது அப்பாவின் இருமல்; லோகேஸ்வரி அதைப் பிறந்ததிலிருந்து கேட்டு வருகிறாள்.

தோட்டத்திலேயே உயரமான இடம் முனீஸ்வரர் மேடு. அங்கே மட்டும்தான் லைன்.

அன்றைக்கே சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். அப்பா சாப்பிட உட்கார்ந்திருந்தார். "என் காலத்துலயே பாத்துட்டேன் பாப்பா. இனி கோயிலுக்குக் கவல இல்ல" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. லோகேஸ்வரி அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டாள். நாளை என்பது வாரக்கணக்காக இழுத்துக்கொண்டு போனது.

வெள்ளிக்கிழமை பூசையில் குட்டு உடைந்தது. கோயில் செயலாளர் காளியண்ணன், வேலையில் இருந்த காலத்தில் மண்டோராக, அதாவது கங்காணியாக, ஆட்களை விரட்டியவர், இப்போது விரட்ட ஆளில்லாமல் இருப்பவர், விளக்கெண்ணெய் எடுக்கக் கருவறைக்குப் பின்பக்கம் போனார். போனவர் அங்கிருந்தே கத்தினார்.

"தலைவரே! இங்க வந்து பாருங்க, ஒங்க பக்த கோடிங்கள!"

கார்த்திகேசு கர்ப்பூரத் தட்டோடு வந்து பார்த்தார். பின்சுவரில் முதுகைச் சாய்த்து, சாமிக்குப் புறங்காட்டி, நாலாம் ஆண்டு முழுக்க உட்கார்ந்திருந்தது. கைகளெல்லாம் மேலே. கைகளில் அம்மா அப்பாவின் கைப்பேசிகள்.

"அசையாத, அசையாத! ஒரு கோடு வந்திருச்சு!" என்று யாரோ ஒரு பிள்ளை கத்திக்கொண்டிருந்தது.

"என்னாடி பண்றீங்க இங்க?" என்று காளியண்ணன் அதட்டியது தன் சொந்தப் பேத்தி ஷாமளாவைத்தான்.

"லோகேஸ்வரி டீச்சர் குடுத்த பாடம், தாத்தா" என்றாள் அவள். மறைக்க என்ன இருக்கிறது என்பதுபோல.

கர்ப்பூரம் தட்டிலேயே எரிந்து அணைந்தது.

அன்று வீட்டில் நெத்திலிச் சம்பல் ஆறிக் கிடந்தது. கார்த்திகேசு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"தெரிஞ்சும் சொல்லல."

"சொல்லத்தான் வந்தேன். நீங்க சந்தோஷமா இருந்தீங்க. வாய் வரல."

"பெர்ஜுந்தாய் பூரா சொல்லிட்டேன் பாப்பா. மீன்கடை மொதலாளி தவுக்கேகிட்டகூட சொல்லிட்டேன். இனிமே எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மீன் வாங்கறது?"

தங்கமணி குறுக்கே வந்தாள். "எதுக்கு வந்தா என்னா? புள்ளைங்க வந்துச்சுல்ல? ஒரு பருக்க விடாம சுண்டல் சாப்பிட்டுச்சுல்ல?"

"நீ சும்மா இரு, தங்கம். ஞாயித்துக்கெழம அவசரக் கூட்டம் போட்டுட்டாரு காளியண்ணே. கோயில்ல போன் தட. பெரியவங்க இல்லாம புள்ளைங்க மேடேறக் கூடாது. அதான் தீர்மானம்."

லோகேஸ்வரி விரல் விட்டு நாளை எண்ணினாள். செவ்வாய்க்கிழமை கழகத்திலிருந்து விரிவுரைஞர் பிரமிளா வருகிறார். கடைசி மேற்பார்வை. அவள் ஆசிரியர் ஆவதும் ஆகாததும் பெரும்பாலும் அந்த ஒரு பாடத்தில் இருக்கிறது. அந்தப் பாடமே அகப்பக்கத்தில் இருக்கிறது. பாதிப் பிள்ளைகளின் பக்கம் இன்னும் ஏறவில்லை. மேடு மூடினால் பாடம் இல்லை.

கார்த்திகேசு குரலைத் தாழ்த்தினார். "நீ கூட்டத்துல ஒண்ணும் பேசாத. நான் பாத்துக்கறேன். சாமி கும்பிடத்தான் வருதுங்க, போன் சும்மா கையில இருந்துச்சுன்னு சொல்லிடறேன். மேட்டையும் மூட மாட்டாங்க, என் மானமும் போவாது."

"அது பொய்யிப்பா."

"ஒனக்காகவும்தான் லா சொல்றேன்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அந்தப் பொய்யால் அவளுக்குத்தான் அதிக லாபம், அதனால்தான் அதை ஏற்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. கோயில் கொட்டகையின் தகரக்கூரையில் விழுந்த இரைச்சலில் காளியண்ணன் தீர்மானத்தைக் கத்தித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. "சாமிக்கு முதுகக் காட்டிக்கிட்டு போன் நோண்டறாங்க. இத ஆரம்பிச்சு வெச்சது யாருன்னு நான் சொல்லத் தேவயில்ல" என்று முடித்தார். எல்லாத் தலையும் ஒரு பக்கமாகத் திரும்பியது.

கார்த்திகேசு மைக்கைப் பிடித்தார். எந்த அறிவிப்பையும் இரண்டு தடவை சொல்கிற மனுஷர், அன்று ஒரு தடவை சொல்லவே திணறினார். "புள்ளைங்க... புள்ளைங்க வர்றது..."

"லைனுக்குத்தான் வந்தாங்க" என்று லோகேஸ்வரி எழுந்துவிட்டாள். "பாடத்தக் குடுத்தது நான். எங்க லைன் இருக்கு, யார் வீட்ல இல்லன்னு மொதல்ல கேக்காம குடுத்தது என் தப்பு. தெரிஞ்சப்புறமும் அப்பாகிட்ட சொல்லாம இருந்தது அதவிடப் பெரிய தப்பு. அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவர் சொன்னதெல்லாம் மனசார நம்பிச் சொன்னது. கோவிக்கறதா இருந்தா என்னையக் கோவிச்சுக்குங்க."

அப்பாவை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேச்சு நின்றிருக்கும்.

"அப்போ ஒரு புள்ளயும் சாமி கும்பிட வரல. அதானே?" என்றார் காளியண்ணன்.

"கும்பிடுவோம் தாத்தா" என்று ஷாமளா தூணுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "லைன் வரலன்னா கும்பிடுவோம். வந்துரும்."

முதலில் சிரித்தது தங்கமணிதான். அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். பிறகு கொட்டகை முழுக்கச் சிரிப்பு பரவியது, மழைச்சத்தத்தையும் மீறி. காளியண்ணன் மட்டும் விறைத்து நின்றார்.

"அப்படி என்னாதான்டி இருக்கு அதுல?"

ஷாமளா கைப்பேசியை எடுத்து, கையைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் நகர்ந்து, தன் பக்கத்தைத் திறந்தாள். "என் தாத்தா மண்டோர்" என்று அவள் குரல். பிறகு காளியண்ணனின் குரல். வெட்டிப் போட்ட மட்டைக் குவியலுக்குள் கையை விட்டு, நாகப்பாம்போடு முகத்துக்கு முகம் நின்ற கதை. வீட்டில் அந்தக் கதையை அவர் தொடங்கினாலே ஆளாளுக்கு எழுந்து போய்விடுவார்கள். இங்கே தோட்டமே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"கீழ கலும்பாங்லேர்ந்து ஒரு புள்ள கேட்டிருக்கு தாத்தா" என்றாள் ஷாமளா. "பாம்பு உங்களைப் பார்த்து பயந்ததா, நீங்கள் பாம்பைப் பார்த்து பயந்தீர்களா? நீங்க பதில் சொல்லலன்னு நேத்தும் கேட்டிருக்கு."

"கலும்பாங்லேர்ந்தா?" காளியண்ணன் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். "ரெண்டு பேரும்தான். அது மொதல்ல ஓடுச்சு. நான் அப்புறம் ஓடுனேன். எழுதிக்கிட்டியா? அதுதான் மொதல்ல ஓடுச்சுன்னு நல்லா எழுது." சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். "கேக்கற புள்ளைக்குப் பதில் சொல்லாம இருந்தா மரியாதயா இருக்காதுல்ல?"

தீர்மானம் அந்த இடத்திலேயே படுத்துவிட்டது. ஆனாலும் தலைவர் என்று ஒருவர் இருக்கிறாரே. கார்த்திகேசு மைக்கை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், ஷாமளா கையிலிருந்த கைப்பேசியை வாங்கினார். விளக்குத்தட்டைப்போல அதை ஏந்திக்கொண்டு கோயிலைச் சுற்றத் தொடங்கினார். பின்சுவர், பக்கவாட்டு, வேப்பமரம். மழைத்தூறலில் ஊரே அவர் பின்னால் போனது. முன்வாசலில், சூலத்துக்குப் பக்கத்தில், மணிக்கு நேர் கீழே நின்றுவிட்டார்.

"இங்க வாங்க! இங்க ரெண்டு கோடு!"

அப்படியே தீர்ப்பும் சொன்னார். வந்ததும் கைகால் கழுவி ஒரு கும்பிடு. பிறகு மணிக்குக் கீழே, சாமியைப் பார்த்தபடி உட்கார்ந்து பாடம் செய்யலாம். கொட்டகை பெஞ்சுகளை அங்கே போடுங்கள். பூசை நேரத்தில் போன் பைக்குள். சுண்டல் வழக்கம்போல. எல்லாவற்றையும் இரண்டு தடவை சொன்னார். மகளிடம் மட்டும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. திங்கட்கிழமையும் பேசவில்லை. ஆனால் அன்று மேட்டில் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அவர்தான் என்று தங்கமணி வந்து சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை பிரமிளா வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். எல்லாப் பக்கமும் ஏறியிருந்தது. மேட்டிலேயே பக்கங்களைத் தன் மடிக்கணினியில் இறக்கிவைத்திருந்ததால் லோகேஸ்வரிக்குப் பள்ளி இணையத்தின் தயவு தேவைப்படவில்லை. ஒரு பிள்ளை தன் பக்கத்தைக் காட்டியதும் மற்றவை கேள்வியால் துளைத்தன. "ஒங்கம்மா கையுற போடாமலா மண்ணு நெரப்பறாங்க?" "லோரி பிரேக் பிடிக்கலன்னா ஒங்கப்பா என்னா செய்வாரு?" பதில் தெரியாத பிள்ளை, "கேட்டுட்டு வர்றேன்" என்று கொஞ்சமும் வெட்கமில்லாமல் சொன்னது. லோகேஸ்வரி அதிகம் பேசவே இல்லை. பிள்ளைகள் வழி சொல்ல, அவள் திருப்பிக்கொண்டு மட்டும் போனாள்.

முடிந்ததும் பிரமிளா கேட்டார். "எல்லாப் பதிவுலயும் ஒரு மணி அடிக்குதே, என்ன அது?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. லோகேஸ்வரி எதையும் மறைக்காமல் முழுக் கதையையும் சொன்னாள். தான் எங்கே சறுக்கினாள் என்பதையும் சேர்த்தே சொன்னாள். பிரமிளா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"டெக்னாலஜி பாடம்னா பொதுவா எனக்கு ஸ்லைட் காட்டுவாங்க. நான் தூங்காம உக்காந்திருப்பேன், அவ்ளோதான். இன்னிக்கு நானே ஒரு கேள்வி கேக்கணும்னு நெனச்சேன், புள்ளைங்க எடம் குடுக்கல." எழுந்து அவள் கையைப் பிடித்தார். "ரிசல்ட் வர்றப்ப வரட்டும். என் புள்ள படிக்கற ஸ்கூலுக்கு நீங்க வந்தா நான் சந்தோஷப்படுவேன்."

வீட்டுக்கு நடந்துவந்தபோது கால் தரையில் பாவவில்லை. கொல்லைப்புறத்தில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அப்பா ஏற்கெனவே மேட்டுக்குப் போய்விட்டாராம். "எப்படிடி இருந்துச்சு?" என்று அம்மா கேட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் மேட்டிலிருந்து ஒலிபெருக்கி கரகரத்தது. வழக்கமான இருமல். தட்டிப் பார்க்கும் சத்தம்.

"தோட்ட மக்களுக்கு ஓர் அறிவிப்பு. மாலைப் பூசைக்கு முன்னதாக, நாலாம் ஆண்டு மாணவர்கள் பாடம் செய்ய கோயிலுக்கு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." மறுபடியும் இருமல். பிறகு, "பாடத்தக் குடுத்திருக்கறவங்க, நம்ம தோட்டத்து லோகேஸ்வரி டீச்சர்."

தேங்காய்த் துருவல் நின்றது.

"கேட்டியாடி?"

லோகேஸ்வரி கேட்டாள். லயம் முழுக்கக் கேட்டிருக்கும், செம்பனைக் காட்டில் கடைசி மரம்வரை கேட்டிருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அம்மாவைக் கையமர்த்தி, கொல்லைக் கதவைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"இரும்மா. ரெண்டாந்தடவ சொல்லுவாரு."

சொன்னார்.